முகத்தைக் கடைசியில் பாருங்கள்: 1914 சமோவாப் படங்களில் இருக்கும் படைவீரர்களை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

பழைய படைப் புகைப்படம் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் முகத்தைத்தான் பார்க்கிறோம். "மூக்கு அப்படியே தாத்தா மூக்கு" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து அது தாத்தா படம். அடுத்த தலைமுறை அதை ஆல்பத்தில் எழுதி வைக்கும், அதற்கடுத்தது இணையத்தில் ஏற்றும். உண்மையான பேரன் ஒருநாள் தேடி வரும்போது, அவனுடைய தாத்தாவின் முகத்துக்குக் கீழே வேறு யாருடைய பெயரோ இருக்கும். தவறான பெயர் ஒன்று ஒட்டிக்கொண்டால் சரியான பெயரைத் தேடுவதையே எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். பெயரே இல்லாத படத்தைவிட அது மோசம்.

அதனால் புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களிடம் நான் சொல்வது: முகத்தைக் கடைசியில் பாருங்கள். தாள், இடம், உடை, பட்டியல் எல்லாம் பார்த்து முடித்த பிறகு முகத்துக்கு வாருங்கள்.

கற்றுக்கொள்ள ஒரு நல்ல தொகுதி, 1914இல் நியூசிலாந்துப் படை, பசிபிக் தீவுகளான ஜெர்மன் சமோவாவைக் கைப்பற்றிய காலத்துப் படங்கள். சிறிய படை, ஒரே ஊர், குறுகிய காலம். ஆவணங்களில் பெரும்பகுதி இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது. கடல் தாண்டிப் போன எந்தப் படையின் படத்துக்கும் இதே முறை பொருந்தும் என்றாலும், இதில் பழகினால் கை சீக்கிரம் படியும்.

கதை முதலில், படம் அப்புறம்

தேதிகளை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போர் தொடங்கிய சில நாட்களிலேயே, சமோவாவில் இருந்த ஜெர்மன் கம்பியில்லாத் தந்தி நிலையத்தைப் பிடிக்கும்படி பிரிட்டன் நியூசிலாந்தைக் கேட்டுக்கொண்டது. கர்னல் ராபர்ட் லோகன் தலைமையில் ஏறத்தாழ 1,400 பேர், மோயராக்கி, மோனோவாய் என்ற இரண்டு கப்பல்களில் ஆகஸ்ட் 15 அன்று வெலிங்டனை விட்டுப் புறப்பட்டார்கள். நியூ கலிடோனியாவின் நூமியாவையும் பிஜியின் சுவாவையும் தொட்டுக்கொண்டு ஆகஸ்ட் 29 அன்று சமோவாவின் தலைநகரான ஆப்பியாவில் இறங்கினார்கள். எதிர்ப்பு எதுவும் இல்லை. மறுநாள் காலை பிரிட்டிஷ் கொடி ஏறியது.

செப்டம்பர் 14 அன்று ஷார்ன்ஹார்ஸ்ட், நைசனாவ் என்ற இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஆப்பியாவுக்கு வெளியே வந்து நின்றன. சுடாமலே திரும்பிப் போயின. சரியாக எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 22 இரவு, அதே அணியிலிருந்து பிரிந்து வந்த இன்னொரு கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு வீசியது. அதுதான் எம்டன். "அவன் பெரிய எம்டன்" என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்த எம்டனின் கூட்டாளிகளைத்தான் ஆப்பியாவில் இருந்த நியூசிலாந்துப் பையன்கள் கரையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு இந்தப் படங்கள் மேல் ஒட்டுதல் வந்ததே இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

1915 ஏப்ரல் வாக்கில் முதல் படை ஊர் திரும்பியது. அதற்குப் பதிலாக, வயதில் மூத்தவர்கள் அதிகம் இருந்த சிறிய காவல் படை வந்தது. ராணுவ ஆட்சி 1920 வரை நீடித்தது. ஆக, படம் கிடைத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது ஏப்ரல் 1915க்கு முன்பா, பின்பா? வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் இருபது வயதுக்காரர்களாகத் தெரிந்தால் முன்பு என்று ஒரு சாய்வு வைத்துக்கொள்ளலாம். சாய்வுதான், முடிவு அல்ல.

படத்தை எடுத்து வைத்துக்கொள்வது

சுத்தமான, உலர்ந்த கையால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் குறைந்தது 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். சிறிய படமாக இருந்தால் 1,200. அசல் கோப்பை அப்படியே வைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை பாருங்கள். ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். பக்கம் முழுவதையும், எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று தெரியும்படி ஸ்கேன் செய்யுங்கள். ஆல்பத்தின் வரிசையே ஒரு சாட்சி.

அளவையும் அளந்து எழுதுங்கள். சுமார் 4 சென்டிமீட்டருக்கு 6.5 சென்டிமீட்டர் இருக்கும் குட்டிப் படம் என்றால், சட்டைப் பையில் வைக்கும் கோடாக் கேமராவில் எடுத்து, பெரிதாக்காமல் அப்படியே அச்சுப் போட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். அதாவது படை வீரர் ஒருவரே எடுத்தது. படத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவருடைய கூடாரத்துக்காரர்கள் அல்லது ஒரே ஊர்க்காரர்கள். அஞ்சலட்டை அளவில், கீழே வெள்ளை எழுத்தில் தலைப்போடு இருந்தால் அது விற்பனைக்குப் போட்ட படம். ஆப்பியாவில் டாட்டர்சால் போன்ற புகைப்படக்காரர்கள் ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். ஒரே படத்தை நூறு பேர் வாங்கி வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

நான் சறுக்கியது இங்கேதான். ஆரம்பத்தில் ஒரு அஞ்சலட்டையின் பின்னால் தெளிவாக ஒரு பெயர் இருந்ததைப் பார்த்து, முன்பக்கம் நடுவில் நிற்பவர் அவரே என்று எழுதிவிட்டேன். அந்தக் குடும்பமும் மகிழ்ந்துபோனது. சில மாதம் கழித்து அதே படம் இன்னொரு ஆல்பத்தில், வேறொரு பெயரோடு வந்தது. இருவரும் கடையில் வாங்கியவர்கள். படத்தில் இருவருமே இல்லை. குடும்பத்திடம் திரும்பப் போய் அதைச் சொன்ன நாள் எனக்கு மறக்காது. பின்னால் இருக்கும் பெயர் அனுப்பியவருடையதா, பெற்றவருடையதா, வாங்கியவருடையதா, படத்தில் இருப்பவருடையதா என்று நான்கு கேள்வியும் கேட்டுவிட்டுத்தான் இப்போது பேனாவைத் தொடுகிறேன்.

தபால்தலை இருந்தால் அதிர்ஷ்டம். ஜெர்மன் சமோவாவின் கப்பல் படம் போட்ட தபால்தலைகள் மேல் 'ஜி.ஆர்.ஐ.' என்ற எழுத்துகளையும் ஆங்கில நாணய மதிப்பையும் அச்சிட்டு 1914 செப்டம்பர் 3 முதல் விற்றார்கள். அந்த மாதக் கடைசியிலேயே, 'சமோவா' என்று மேலச்சிட்ட நியூசிலாந்துத் தபால்தலைகள் வந்துவிட்டன. முதல் வகை ஒட்டிய அட்டை உண்மையில் அஞ்சலில் போயிருந்தால், அது ஆக்கிரமிப்பின் தொடக்க வாரங்களில் எடுத்த படம் என்று நம்ப நல்ல காரணம் உண்டு. முத்திரைத் தேதியையும் பாருங்கள். சேகரிப்பாளர்களுக்காகப் பின்னால் ஒட்டியதும் உண்டு.

இடம்

பின்னணியைப் பெரிதாக்கிப் பாருங்கள். துறைமுகப் படத்தில், பவளப்பாறை மேல் துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கும் இரும்புக் கப்பல் தெரிந்தால் ஐயமே வேண்டாம், ஆப்பியாதான். அது ஆட்லர், 1889 மார்ச் சூறாவளியில் பாறை மேல் தூக்கி வீசப்பட்ட ஜெர்மன் போர்க்கப்பல். பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்தது. கடற்கரைச் சாலையில் இரண்டு மாடி மரக் கட்டடம், நீண்ட தாழ்வாரம் என்றால் நீதிமன்றக் கட்டடமாக இருக்கலாம்; கொடி ஏற்றிய படங்களை அதோடு ஒப்பிடுங்கள். மலைச்சரிவில் பெரிய மாளிகை என்றால் வைலிமா. எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் கட்டிய வீடு. பிறகு ஜெர்மன் ஆளுநருடையது. அதன் பிறகு லோகன் அங்கே குடியேறினார். வைலிமா முன்னால் சாவகாசமாக உட்கார்ந்திருப்பவர்கள் தலைமையகத்துக்காரர்களாகவோ காவலுக்கு நின்றவர்களாகவோ இருக்கலாம். சும்மா சுற்றிப் பார்க்கப் போனவர்களாகவும் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மலைகள் சூழ்ந்த குறுகிய ஆழமான துறைமுகம் தெரிந்தால் அது பாகோ பாகோவாக இருக்கக்கூடும். அது அமெரிக்க சமோவா, வேறு ஆட்சி, வேறு படை. 'சமோவா 1914' என்று பின்னால் எழுதியிருந்தாலும் ஏமாற வேண்டாம்.

உடை: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

முதலில் படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்களின் சட்டையில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வரும். லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் தாழ்க் கைப்பிடி, பிடித்திருப்பவருக்கு வலப்பக்கம் இருக்கும். இரண்டும் மாறியிருந்தால் யாரோ நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அதைச் சரிசெய்யாமல் 'இடமிருந்து வலம்' பட்டியலைப் பொருத்தினால் ஒரு பெயரும் சரியாக வராது.

அடுத்தது தொப்பி. அகல விளிம்புத் தொப்பியைச் சுற்றியிருக்கும் துணிப்பட்டைக்கு அவர்கள் 'பகரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். நம் ஊர்த் தலைப்பாகையைக் குறிக்கும் இந்திச் சொல்தான், பிரிட்டிஷ் இந்தியப் படை வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. அந்தப் பட்டையின் நிறம் பிரிவைச் சொல்லும். காலாட்படைக்குக் காக்கி, சிவப்பு, காக்கி. பீரங்கிப் படைக்கு நீலம், சிவப்பு, நீலம். பொறியாளர்களுக்குக் காக்கி, நீலம், காக்கி. வழங்கல் பிரிவுக்கு நடுவில் வெள்ளை. குதிரைப் படைக்கு நடுவில் பச்சை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் எங்கே தெரியும் என்று கேட்பீர்கள். தெரியும், ஆனால் நம் கண் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமேட்டிக் தகடுக்கும் ஃபிலிமுக்கும் சிவப்பு ஒளி உறைக்காது. நீலம் மிகையாக உறைக்கும். அதனால் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறி வெள்ளையாகும். ஆகவே காலாட்படைப் பட்டையின் நடுவில் கருங்கோடு. பீரங்கிப் படைக்கு வெளிர், கறுப்பு, வெளிர் என்று பளிச்சென்ற மாறுபாடு. பொறியாளரின் நீலமும் வழங்கல் பிரிவின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும். அந்த இரண்டைப் பட்டையை மட்டும் வைத்துப் பிரிக்க முயலாதீர்கள், சட்டைக் காலரில் இருக்கும் சின்னத்தைத் தேடுங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாமல் பிரிவையே மாற்றி எழுதியவர்கள் பலர்.

தொப்பியின் வடிவமும் பேசும். உச்சி கூம்பாக, நான்கு பக்கமும் அமுங்கிய தொப்பி, அவர்கள் எலுமிச்சை பிழிவான் என்று அழைத்த வகை, நியூசிலாந்துப் படை முழுவதற்கும் பொதுவானது 1916 வாக்கில்தான். குழுவில் எல்லோரும் அதை அணிந்திருந்தால் 1914 ஆப்பியா என்ற தலைப்பைச் சந்தேகியுங்கள். சமோவா போனவர்களில் பலர் பின்னர் காலிப்போலிக்கும் பிரான்சுக்கும் போனார்கள். வீட்டில் 'சமோவாவில் அப்பா' என்று சொல்லி வந்த படம் பிற்கால முகாமில் எடுத்ததாக இருப்பது சகஜம்.

கைப்பட்டைகளை எண்ணுங்கள்: மேல்கையில் ஒரு வளைகோடு லான்ஸ் கார்ப்பரல், இரண்டு கார்ப்பரல், மூன்று சார்ஜென்ட். காலில் சுற்றிய துணிப்பட்டை முழங்காலுக்குக் கீழே முடிந்தால் காலாட்படை வழக்கம், கணுக்காலில் முடிந்தால் குதிரை ஏறுபவர் வழக்கம். நெஞ்சில் பதக்க நாடா இருந்து, ஆள் முப்பதைத் தாண்டியவராகத் தெரிந்தால் 1899-1902 தென்னாப்பிரிக்கப் போரில் இருந்தவரா என்று பாருங்கள். அந்த ஒரு நாடா தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். கடற்படை வீரர்களின் தொப்பி நாடாவில் கப்பல் பெயர் இருக்கும், பெரிதாக்கிப் படியுங்கள். உச்சியில் குஞ்சம் இருந்தால் பிரெஞ்சுக்காரர். துணைக்கு வந்த மோன்கல்ம் கப்பலின் ஆட்களாக இருக்கலாம். குஞ்சம் சிவப்பு, ஆகவே படத்தில் கறுப்பாகத்தான் தெரியும். படையோடு போன பெண்கள் ஆறு செவிலியர். படத்தில் ராணுவச் செவிலியர் தெரிந்து, தேதியும் முதல் மாதங்களுக்குள் விழுந்தால், அந்த ஆறு பேரிலிருந்து தொடங்குங்கள்.

பட்டை, சின்னம் எதுவும் தெரியாத படங்களும் வரும். வெயில் தாங்காமல் சட்டையைக் கழற்றிவிட்டுத் தென்னை நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்ட படத்தில் உடையை விட்டுவிட்டு, அதே ஆல்பத்தில் அதே ஆட்கள் சீருடையோடு இருக்கும் படத்தைத் தேடுங்கள்.

பட்டியலுக்குப் போவது

காலமும் பிரிவும் பதவியும் ஓரளவு தெரிந்த பிறகுதான் பெயர்ப் பட்டியலைத் திறக்க வேண்டும். இந்தப் படைக்கு ஒரு வசதி உண்டு. சமோவா போன முதல் படையினரின் எண் '1/' என்று தொடங்கும். ஆக்லாந்து காலாட்படைக்கு '12/', வெலிங்டனுக்கு '10/', மாவோரிப் பிரிவுக்கு '16/' என்று மற்றவர்களுக்கு வேறு எண்கள். குடும்பம் சொல்லும் பெயருக்கு '1/' எண் இல்லையென்றால் அவர் அந்த முதல் படையில் இருந்தாரா என்பதே கேள்விக்குறி.

ஆக்லாந்து போர் நினைவு அருங்காட்சியகத்தின் ஆன்லைன் செனோடாஃப் தளத்தில் பெயராலும் எண்ணாலும் தேடலாம். குடும்பங்கள் ஏற்றிய படங்களும் அங்கே உண்டு. நியூசிலாந்து ஆவணக் காப்பகம் முதல் உலகப் போர் வீரர்களின் கோப்புகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. படையில் சேரும்போது எழுதிய தாளில் வயது, உயரம், மார்பளவு, தோல் நிறம், கண், முடி, உடல் அடையாளங்கள் எல்லாம் இருக்கும். பேப்பர்ஸ் பாஸ்ட் தளத்தில் அக்காலச் செய்தித்தாள்கள் எழுத்துத் தேடலோடு கிடைக்கின்றன; வீரர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைச் சிறு ஊர்ப் பத்திரிகைகள் அப்படியே அச்சிட்டன. வெலிங்டனில் உள்ள அலெக்சாண்டர் டர்ன்புல் நூலகத்தின் படத் தொகுப்பையும் பாருங்கள். உங்கள் கையில் இருக்கும் படமே அங்கே நல்ல தலைப்போடு இருக்கக்கூடும். எந்தத் தளத்திலும் குடும்பப் பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேடுங்கள்.

இப்படி வைத்துக்கொள்வோம். ஏழு பேர் இருக்கும் படம். பட்டை வெளிர், கறுப்பு, வெளிர், ஒருவர் கையில் மூன்று கோடு, பின்னால் ஆட்லர். ஆகவே ஆப்பியா, பீரங்கிப் பிரிவு, நடுவில் சார்ஜென்ட். 1,400 பேரிலிருந்து ஒரு சிறு பிரிவுக்கு வந்துவிட்டோம். அதில் சார்ஜென்ட்கள் ஒரு கைக்குள் அடங்குவார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் கோப்பையும் திறந்து உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது துப்பாக்கியை ஊன்றி நின்றால் அதுவே அளவுகோல்: நீள வகை லீ என்ஃபீல்டு ஏறத்தாழ 126 சென்டிமீட்டர், குட்டை வகை 113. எந்த வகை என்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆள் அரை அடி வளர்ந்துவிடுவார்.

இப்போது முகம்

உறுதியாகப் பெயர் தெரிந்த வேறொரு படம் கையில் இருந்தால் மட்டும் ஒப்பிடுங்கள். மீசை, முடி, உடல் பருமன் எல்லாம் மாறும். காது மடலின் வடிவம், காது தலையோடு ஒட்டும் விதம், முன்நெற்றி மயிர்க்கோடு, மோவாய்ப் பள்ளம் ஆகியவை அவ்வளவாக மாறாது. அண்ணன் தம்பிகளும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளும் ஒரே படையில் சேர்ந்திருப்பார்கள். குடும்பச் சாயல் இருப்பதாலேயே ஆளை மாற்றிச் சொல்வது எளிது.

மங்கலான முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகளை அடையாளம் காணப் பயன்படுத்தவே வேண்டாம். அவை படத்தில் இருந்ததை மீட்பதில்லை. தான் பார்த்த ஆயிரம் முகங்களை வைத்துப் புதிதாக ஒரு முகம் வரைகின்றன. வண்ணம் ஏற்றும் செயலியும் அப்படித்தான், பட்டைக்கு அது கொடுக்கும் நிறம் வெறும் யூகம். வீட்டில் மாட்டி வைக்க அழகாக இருக்கலாம், சாட்சியாக நிற்காது.

படத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்

இந்தப் படங்களில் நியூசிலாந்துக்காரர்கள் மட்டும் இல்லை. ஓரத்தில் சமோவாக்காரர்கள், ஜெர்மன் காலத்திலிருந்தே காவல் வேலை பார்த்த ஃபிட்டாஃபிட்டா ஆட்கள், தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட சீனத் தொழிலாளர்கள் நிற்பார்கள். தலைப்பில் 'உள்ளூர்வாசிகள்' என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் முடித்திருப்பார்கள். தயவுசெய்து அவர்களையும் எண்ணிடுங்கள், விவரியுங்கள், தேடுங்கள்.

சமோவாப் பெயர்களில் ஒரு பொறி உண்டு. மலியெட்டோவா, மத்தாஅஃபா, தமசேசே போன்றவை ஆளின் பெயர் மட்டுமல்ல, தலைமைப் பட்டங்கள். ஒருவருக்குப் பின் இன்னொருவருக்குப் போகும். மத்தாஅஃபா இயோசெஃபோ 1912இலேயே இறந்துவிட்டார். நியூசிலாந்துச் சிப்பாய்களோடு நிற்கும் படத்தில் 'மத்தாஅஃபா' என்று எழுதியிருந்தால், அது அவராக இருக்க முடியாது.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து வந்த தலூனே கப்பல் இன்ஃப்ளூயன்சாவை ஆப்பியாவில் இறக்கியது. லோகனின் நிர்வாகம் கப்பலைத் தனிமைப்படுத்தவில்லை. மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், ஏறத்தாழ 8,500 பேர், இறந்தார்கள். துறைமுகத்தை அடைத்த அமெரிக்க சமோவாவில் ஒருவரும் சாகவில்லை. 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் இதற்கும் ஆட்சியின் மற்றத் தவறுகளுக்கும் மன்னிப்புக் கேட்டார். 1914 படத்தின் ஓரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சிறுவன் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இருந்தானா என்று நமக்குத் தெரியாது. சில சமோவாக் குடும்பங்களுக்கு இப்படி ஓர் ஓரத்தில் மட்டும் முன்னோர் முகம் மிஞ்சியிருக்கலாம். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுச் சிப்பாயை மட்டும் பெரிதாக்கிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது.

எழுதி வைக்கும் முறை

படத்தின் மேல் மெல்லிய தாள் வைத்து, அல்லது கணினியில், தலைகளின் உருக்கோட்டை மட்டும் வரைந்து எண் போடுங்கள். 'இடமிருந்து மூன்றாவது' என்பதைவிட 'எண் 3' பாதுகாப்பானது. ஒவ்வொரு எண்ணுக்கும் உறுதி, அநேகமாக, இருக்கலாம் என்ற மூன்றில் ஒன்றைப் போட்டு, காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள்: 'அநேகமாக; பட்டை, மூன்று கோடு, கோப்பில் உள்ள உயரம்; முகம் ஒப்பிடப் படம் இல்லை'. யார் எழுதியது, எந்தத் தேதி என்பதும் இருக்கட்டும். பழைய தலைப்பு தவறாகவே இருந்தாலும் அழிக்காதீர்கள். அதை அப்படியே மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டுக் கீழே உங்களுடையதை எழுதுங்கள்.

அசல் படத்தின் பின்னால் எழுதியே ஆக வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். பெயர் கிடைக்காத எண்ணுக்கு நேரே 'தெரியவில்லை' என்று எழுதி, அடுத்து வருபவருக்கு அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.